மன்னிப்பும் நீதியும்: மன்சோனியின் வரலாற்று நாவல் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவ விசுவாசத்தையும் மன்னிப்பையும் பொருளாகக் கொண்டு, ஒரு காதற்கதையைச் சரடாக வைத்துப் பின்னப்பட்ட வரலாற்று நாவல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்குப் பெற்றன. இவற்றை நோக்குவதில் நம்மிடையே இரு மனப்பாங்குகள் நிலவுகின்றன. பக்தி நோக்குடையோர் இவற்றை ஞானோபதேசத்தின் கதை வடிவமாகப் போற்றுவர். முற்போக்கு விமரிசகர் பலர், ஒடுக்கப்பட்டோரைப் பொறுமை காக்கச் செய்யும் கருவிகள் என்று கூறி இவற்றைப் படியாமலே ஒதுக்கிவிடுவர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றனர். இந்நாவல்கள் மன்னிப்புப் பற்றி ஒரேயொரு கருத்தையே கூறுகின்றன என்பது இருவரதும் எடுகோளாகும். அவ்வெடுகோள் சரியானதா என்பதை, இவ்வகையின் தலைசிறந்த ஆக்கமாகிய அலெசாந்திரோ மன்சோனியின் 'இ புரொமெஸ்ஸி ஸ்போசி' (மணம் நிச்சயிக்கப்பட்டோர்) என்னும் இத்தாலிய நாவலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைப் புனைகதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தொடக்க காலத்திலேயே, 1891இல், திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' வெளிவந்தது. ஐரோப்பிய மத்தியகாலத்துக் கிறிஸ்தவ வீரக் காதற்கதையொன்றின் தமிழ் வடிவம் அது. ஆயினும் அற்புத நிகழ்ச்சிகள் மலிந்த அத்தகைய பழங்கதைக்கும், ஒரு குறித்த காலத்தின் சமூக அமைப்பைச் சித்திரிக்க முயலும் வரலாற்று நாவலுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை ஏற்படுத்தியவர் சேர் வால்டர் ஸ்கொட். 1814இல் வெளிவந்த அவரது 'வேவர்லி' நாவல், மனிதரின் குணநலனும் விதியும் அவர் வாழும் காலத்தின் சமூக உறவுகளால் உருவாக்கப்படுகின்றன என்ற உணர்வைப் புனைகதைக்குக் கொண்டுவந்தது. மன்சோனி அவ்வழியில் வந்தவர்.

மன்சோனியும் அவர் காலமும்

மன்சோனி 1785இல் மிலான் நகரிற் பிறந்தார். 'குற்றங்களும் தண்டனைகளும்' பற்றி 1764இல் நூல் எழுதி, சித்திரவதையையும் மரணதண்டனையையும் எதிர்த்த சீசரே பெக்காரியா இவருடைய தாய்வழிப் பாட்டனார். எனவே பகுத்தறிவு இயக்கத்தின் மரபு இவருக்குக் குடும்பச் சொத்தாக வாய்த்தது எனலாம். 1808இல் இவர் மணந்த என்றிக்கேற்றா புளொந்தேல் கல்வினியக் குடும்பத்தவர். 1810இல் அவர் கத்தோலிக்கராக மாறினார். அவ்வாண்டிலேயே மன்சோனியும் தாம் விட்டகன்றிருந்த திருச்சபைக்கு மீண்டார். பகுத்தறிவு மரபும் மீளப்பெற்ற விசுவாசமும் இவரது உள்ளத்தில் ஒன்றையொன்று அழித்துவிடாது அருகருகே வாழ்ந்தன. இந்நாவலை விளங்கிக்கொள்வதற்கு இது அடிப்படையானதாகும்.

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர் 1815 முதல் லொம்பார்டி பிரதேசம் ஒஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. 1821இல் அயலிலுள்ள பியெட்மொன்டிற் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் மன்சோனி நாவலை எழுதத் தொடங்கினார். முதற் படி 1823இல் முடிவுற்றது; திருத்திய பதிப்பு 1827இல் வெளிவந்தது. பின்னர் புளோரன்ஸ் நகரத்துப் பேச்சுமொழியைத் தழுவி நூல் முழுவதையும் மாற்றியெழுதி, 1840-42இல் இறுதிப் பதிப்பை வெளியிட்டார். இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நாவலில் உழைத்தமை, பல பிரதேச மொழிகளாகப் பிளவுண்டிருந்த நாட்டுக்குப் பொதுவானதோர் உரைநடையை ஆக்கும் முயற்சியாகவும் அமைந்தது.

கதை நிகழும் காலம் 1628 முதல் 1630 வரையாகும். அக்காலத்தில் லொம்பார்டி ஸ்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நிய ஆட்சியின் கீழ் வாழும் மக்களுக்கு இன்னோர் அந்நிய ஆட்சியின் கதையைச் சொல்வதன் அரசியற் குறிப்பை அன்றைய வாசகர் உணராதிருந்திருக்க முடியாது. எனினும் நூலின் ஆற்றல் இக்குறிப்பில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வரலாற்று நாவல் பற்றிய தமது நூலில் ஜோர்ஜ் லூக்காச், குடியானவ இளைஞன் ஒருவனும் பெண்ணொருத்தியும் பிரிந்து கூடும் சிறுகதையை, சிதறுண்டு தாழ்வுற்றிருந்த ஒரு முழு மக்களினத்தின் துயரமாக மன்சோனி உயர்த்தினார் என விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

கதையும் அதன் சமூகத் தளமும்

கோமோ ஏரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் ரென்சோ என்னும் பட்டு நெசவாளனும் லூசியா என்னும் ஏழைப் பெண்ணும் மணமுடிக்க இருக்கின்றனர். அவ்வூர்ப் பிரபுவாகிய டொன் ரொட்ரிகோ லூசியாவைத் தன்வசப்படுத்துவதாகத் தன் மைத்துனனுடன் பந்தயம் கட்டுகிறான். அவனுடைய அடியாட்கள் பங்குக் குருவாகிய டொன் அபொந்தியோவை வழிமறித்து, இத்திருமணத்தை நடத்தலாகாது என அச்சுறுத்துகின்றனர். கோழையான குரு அடங்கிவிடுகிறார். பின்னர் நிகழும் பிரிவு, அலைவு, கடத்தல், கலகம், கொள்ளைநோய் ஆகிய அனைத்தும் இவ்வொரு பணிவிலிருந்தே பிறக்கின்றன.

முதல் அத்தியாயத்திலேயே மன்சோனி, இத்தகைய அடியாட்களை ஒழிப்பதற்காக 1583 தொடக்கம் ஆள்பதிகள் விடுத்த பிரகடனங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்காட்டுகிறார். ஒவ்வொரு பிரகடனமும் முந்தியதைவிடக் கடுமையானது; அவ்வாறு மீண்டும் மீண்டும் விடுக்கப்பட்டமையே அவை பயனற்றுப்போனமைக்குச் சான்று. ரென்சோ சட்டத்தரணி ஒருவரை நாடிச் செல்கிறான். வந்தவன் குற்றமிழைத்த அடியாள் எனக் கருதிய சட்டத்தரணி அவனைக் காப்பாற்ற வழி சொல்லத் தொடங்குகிறார். அவன் ஒரு பிரபுவால் அநீதி இழைக்கப்பட்டவன் என்று அறிந்ததும் வெளியே துரத்திவிடுகிறார். சட்டம் யாருடைய உடைமை என்பதை இதனிலும் தெளிவாக எடுத்துக்கூறுதல் அரிது.

1628 நவம்பர் 11ஆந் திகதி மிலானில் நிகழ்ந்த பாண் கலகத்தையும் ஆசிரியர் விரிவாக ஆராய்கிறார். விளைச்சல் குன்றியமை, போரினால் ஏற்பட்ட அழிவு, நடைமுறைக்கு ஒவ்வாத விலைக்கட்டுப்பாட்டை அரச அதிகாரி விதித்தமை, பின்னர் அவ்விலை உயர்த்தப்பட்டமை என்று காரணங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. மக்களின் பசி உண்மையானது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் கூட்டமாகத் திரண்ட மக்களைக் கண்டு அவர் அஞ்சுகிறார் என்பதும் வெளிப்படை. மாந்துவா வாரிசுரிமைப் போருக்காக 1629இல் இறங்கிவந்த ஜெர்மானியக் கூலிப்படையினரின் வழியே பரவிய கொள்ளைநோய் 1630இல் மிலானைச் சூறையாடிய வரலாறும் இவ்வாறே காரண காரியத் தொடர்போடு கூறப்படுகின்றது. 1827இல் இந்நாவலைப் படித்துப் போற்றிய கெதே, இத்தகைய வரலாற்று விவரணங்கள் அளவுக்கு மிஞ்சியவை எனக் குறைபட்டார். ஆனால் இவ்விவரணங்கள் இன்றேல், மன்னிப்பு என்பது வெறும் தனிமனித உணர்ச்சியாகக் குறுகிவிட்டிருக்கும்.

மூவகை மன்னிப்பு

நாவலில் மன்னிப்பு மூன்று வெவ்வேறு நிலைகளில் நிகழ்கின்றது. இவற்றை வேறுபிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, குற்றவாளி தானே சென்று வேண்டிப் பெறும் மன்னிப்பாகும். கப்புச்சியன் சபைத் துறவியாகிய கிறிஸ்தோபோரோ துறவுக்கு முன் லொடோவிக்கோ என்னும் பெயருடைய வணிகன் மகன். வீதியில் யார் யாருக்கு வழிவிடுவது என்ற அற்பத் தகராற்றிலே, தன் பணியாளனைக் கொன்ற பிரபுவொருவனை அவன் கொன்றுவிடுகிறான். உடனே துறவு பூண்டு, இறந்த பணியாளனின் பெயரையே தன் துறவுப் பெயராக ஏற்கிறான். பின்னர் கொல்லப்பட்டவனின் தமையனிடம் மன்னிப்புக் கோரச் செல்கிறான். தன் குலப்பெருமையைப் பலர் காண நிலைநாட்டவெனப் பிரபு உற்றாரையெல்லாம் கூட்டி வைத்திருக்கிறான். ஆனால் துறவியின் உண்மையான துயரம் அந்தக் கௌரவக் காட்சியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மன்னிப்பின் அடையாளமாகத் துறவி ஒரு துண்டுப் பாணை மட்டும் பெற்றுச் செல்கிறார். அதில் ஒரு பகுதியை வாழ்நாள் முழுவதும் பேணி வைத்திருக்கிறார்.

இரண்டாவது, குற்றவாளி மனந்திரும்பி ஈடுசெய்யும்போது கிடைக்கும் மன்னிப்பு. டொன் ரொட்ரிகோவின் வேண்டுகோளின்படி லூசியாவைக் கடத்துவிப்பவன், பெயர் கூறப்படாத ஒரு கொடிய பிரபு. இப்பாத்திரம் வரலாற்றில் வாழ்ந்த பிரான்செஸ்கோ பெர்னார்தினோ விஸ்கொந்தி என்பவனை அடிப்படையாகக் கொண்டது. சிறைப்பட்ட லூசியா, ஓர் இரக்கச் செயலுக்காகக் கடவுள் எத்தனையோ பிழைகளை மன்னிப்பார் எனக் கூறுவது அவனை உலுக்குகின்றது. மறுநாள் அவன் கர்தினால் பெடெரிகோ பொரோமேயோவைச் சந்தித்து மனமாற்றம் அடைகிறான். இங்கு கவனிக்கற்பாலது அதன் பின் நிகழ்வதாகும். அவன் லூசியாவை விடுவிக்கிறான். தன் அடியாட்களைத் தீச்செயலிலிருந்து விலக்குகிறான். லூசியாவின் சீதனத்துக்கென நூறு பொற்காசுகளை அவளின் தாயிடம் சேர்ப்பிக்கிறான். கூலிப்படையினர் வந்தபோது தன் கோட்டையை அகதிகளின் புகலிடமாக்குகிறான். அவனது மனந்திரும்புதல் செயலால் அளக்கப்படுகிறது.

மூன்றாவதே கடினமானது. கொள்ளைநோய்க் காலத்தில் மிலானின் நோயாளர் முகாமுக்கு லூசியாவைத் தேடிவரும் ரென்சோ, டொன் ரொட்ரிகோவைப் பழிவாங்குவேன் எனச் சீறுகிறான். நோயாளருக்குப் பணிபுரிந்து தாமும் சாகும் நிலையிலுள்ள கிறிஸ்தோபோரோ அவனைக் கடிந்து, நினைவிழந்து கிடக்கும் டொன் ரொட்ரிகோவிடம் அழைத்துச் செல்கிறார். அங்கே ரென்சோ மன்னிக்கிறான். டொன் ரொட்ரிகோ மன்னிப்புக் கேட்கவில்லை, எதனையும் ஈடுசெய்யவில்லை, தான் மன்னிக்கப்பட்டதையும் அறியான். பாதிக்கப்பட்டவனின் மீதே முழுச் சுமையும் ஏற்றப்படுகிறது. துறவி தாம் பேணிய பாண்துண்டைக் காதலர் இருவரிடமும் ஒப்படைத்து, அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளும் மன்னிக்கக் கற்கவேண்டும் என வேண்டுகிறார். பிரபு குலத்தார் கொடுத்த பாண் இவ்வாறு ஏழைகளின் முதுசமாகிறது.

கிராம்சியின் கண்டனம்

இவ்விடத்திலேதான் முற்போக்கு விமரிசனத்தின் வினா எழுகின்றது. பாசிசச் சிறையில் 1929க்கும் 1935க்கும் இடையில் எழுதிய குறிப்பேடுகளில் அந்தோனியோ கிராம்சி, மன்சோனி எளிய மக்களை நோக்கும் முறையைக் கண்டித்தார். பிரபுக்களுக்கும் திருச்சபைப் பெரியோருக்குமே மன்சோனி ஆழ்ந்த அகவாழ்வை வழங்குகிறார். குடியானவர்களை அவர் பரிவோடு நோக்கினும் அப்பரிவு மேலிருந்து கீழ்நோக்கியது. டோல்ஸ்டோயிடம் எளியவரே ஞானத்தின் ஊற்றாக அமைய, மன்சோனியிடம் அவ்வாறில்லை என்பன அவரது வாதத்தின் சாரமாகும்.

இக்கண்டனத்தில் உண்மை உண்டு. ரென்சோவின் மனப்போராட்டம் சில பக்கங்களில் முடிந்துவிட, பெயரற்ற பிரபுவின் ஓரிரவு மனப்போராட்டம் பெருஞ்சித்திரமாக விரிக்கப்படுகின்றது. பாண் கேட்டுக் கிளர்ந்த மக்களுக்கு ஆசிரியர் காட்டும் வழி எதுவுமில்லை. ஆயினும் இரண்டு விடயங்கள் இவ்வாதத்தை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. பெயரற்ற பிரபுவை முதலில் அசைத்தவர் கர்தினால் அல்லர். கல்வியறிவற்ற ஏழைப் பெண்ணொருத்தியே. அதிகாரம் அவளது சொல்லின் முன் ஆட்டங் காண்கின்றது.

மற்றையது நாவலின் இறுதி அத்தியாயத்தில் வருவது. டொன் ரொட்ரிகோவின் வாரிசாக வரும் நல்ல பிரபு, காதலர் இருவரின் காணித்துண்டுகளை மிகை விலை கொடுத்து வாங்கி, தன் மாளிகையில் அவர்களுக்கு மணவிருந்தும் அளிக்கிறான். தானே நின்று உணவு பரிமாறுகிறான். ஆனால் பின்பு, குருவுடன் வேறொரு தனியறைக்குச் சென்றே தான் உண்கிறான். தாழ்ந்து பணிவிடை செய்யும் பணிவு அவனிடம் இருந்தது, அவர்களைச் சமமாக ஏற்று ஒரே பந்தியில் அமரும் பணிவு இருக்கவில்லை என்ற கருத்துப்பட மன்சோனி மெல்லிய அங்கதத்துடன் குறிப்பிடுகிறார். தருமமும் மன்னிப்பும் வர்க்க உறவை மாற்றிவிடுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரே பந்தியில் அமர்தல் எத்துணைப் பெரிய வினா என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

அவமானத் தூண்

மேலே கூறியவற்றோடு ஆய்வு நின்றுவிடுமாயின், நூலின் சரிபாதி உண்மை விடுபட்டுவிடும். 1840-42ஆம் ஆண்டுப் பதிப்பில் நாவலின் முப்பத்தெட்டு அத்தியாயங்களைத் தொடர்ந்து, 'அவமானத் தூணின் வரலாறு' என்னும் வரலாற்று ஆய்வொன்றை மன்சோனி இணைத்து வெளியிட்டார். பிற்காலப் பதிப்புகள் பல இதனை நீக்கியே வெளிவந்தன. நாவலைப் பக்திக் காதற்கதையாக மட்டும் படிக்கும் வழக்கத்துக்கு இந்நீக்கம் துணைபுரிந்தது எனலாம்.

இவ்வாய்வின் பொருள் 1630இல் மிலானில் நடந்த ஒரு வழக்கு. கொள்ளைநோயைச் சிலர் நச்சு மருந்தைச் சுவர்களிற் பூசிப் பரப்புகின்றனர் என்ற வதந்தி பரவியிருந்தது. சுவரோரமாக நடந்து சென்ற ஒருவன் சுவரில் கையைத் தேய்த்ததைத் தன் யன்னலூடாகக் கண்ட ஒரு பெண்ணின் சொல்லே வழக்கின் தொடக்கம். சுகாதார அதிகாரியான குலியெல்மோ பியாற்சா கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானான். உடந்தையானோரைக் காட்டிக்கொடுத்தால் தண்டனையில்லை என்ற வாக்குறுதியை நம்பி, ஜியான் ஜியாகொமோ மோரா என்னும் நாவிதனின் பெயரைச் சொன்னான். இருவரும் 1630 ஓகஸ்ட் 1ஆந் திகதி கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடித்துத் தள்ளப்பட்டு, அவ்விடத்தில் அவர்களின் பழியை அறிவிக்கும் தூண் நாட்டப்பட்டது. 1778இலேயே அத்தூண் வீழ்த்தப்பட்டது.

மன்சோனிக்கு முன்னரே, அவர் பாட்டனாரின் நண்பராகிய பியெத்ரோ வெர்ரி இவ்வழக்கை ஆராய்ந்து, சித்திரவதை என்னும் முறைமையையும் அக்காலத்து அறியாமையையும் குற்றஞ்சாட்டினார். மன்சோனி ஒருபடி மேலே செல்கிறார். அன்றைய சட்டத்தையும் அன்றைய சட்ட நூலாரின் கருத்துகளையும் கொண்டே பார்த்தாலும், அந்நீதிபதிகள் இவர்கள் நிரபராதிகள் என்பதைக் கண்டிருக்க முடியும் என்று ஆவணங்களைக் கொண்டு நிறுவுகிறார். காலம் அவ்வாறிருந்தது என்று கூறி அவர்களை விடுவிக்க அவர் ஒப்பவில்லை. மக்களின் வெறிக்கு அஞ்சியும் தங்கள் தவற்றை ஒப்ப விரும்பாமையாலும் அவர்கள் அநீதியைத் தெரிந்தே தேர்ந்தனர் என்பது அவரது தீர்ப்பு. தனிமனிதனின் மனச்சாட்சிக்குப் பொறுப்பு உண்டு என்ற கிறிஸ்தவக் கோட்பாடே இத்தீர்ப்பின் அடிப்படையாக அமைந்தமை நோக்கத்தக்கது.

ஒரே நூலட்டைக்குள் ஓர் ஏழை நெசவாளன் பிரபுவை மன்னிக்கிறான். ஆசிரியரோ நீதிபதிகளை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் விடுவிக்க மறுக்கிறார். இதனை முரண்பாடு என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒருவன் தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கலாம்; பிறருக்கு, அதுவும் இறந்துபட்டோருக்கு, இழைக்கப்பட்ட தீங்கை அவர்களுக்காக மன்னிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பழிவாங்கலைக் கைவிடுதல் வேறு. நடந்ததை மறைத்தல் வேறு. அதிகாரத்திலுள்ளோர் முன்னதைக் கேட்கும் தொனியிலேயே பின்னதையும் கேட்பதுண்டு. மன்சோனியின் நூலமைப்பு இவ்விரண்டையும் பிரித்து நிறுத்துகின்றது.

ஏனைய நாவல்களோடு ஒப்பிடுகையில்

பின்னர் வந்த புகழ்பெற்ற நாவல்கள் இரண்டோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக விளங்கிய லூ வொலஸ் 1880இல் வெளியிட்ட 'பென்-ஹர்' நாவலில், நாயகன் தேரோட்டப் போட்டியில் தன் பகைவனை முடமாக்கிப் பொருளிழக்கவும் செய்த பின்னரே கிறிஸ்துவின் சிலுவையடியில் வன்முறையைத் துறக்கிறான். வாசகன் பழிவாங்கலின் இன்பத்தை முழுமையாகச் சுவைத்தபின் மன்னிப்பின் புனிதத்தையும் பெற்றுக்கொள்கிறான். இந்நாவலின் பெருவிற்பனைக்கு இவ்வசதியும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

போலந்து எழுத்தாளர் ஹென்றிக் சியென்கியேவிச் 1895-96இல் தொடராக எழுதிய 'குவோ வாடிஸ்' இதனினும் ஆழமானது. போலந்து மூன்று வல்லரசுகளிடையே பங்கிடப்பட்டிருந்த காலத்தில், நீரோவின் உரோமில் வதையுண்ட கிறிஸ்தவரின் கதையாக அது எழுதப்பட்டது. உரோம வீரன் ஒருவனின் காதலே கதையின் நடுநாடியெனினும், அதன் உச்சக் காட்சி வேறிடத்தில் உள்ளது. தன் குடும்பத்தையே விற்று அழித்த கைலோ என்பவனை, எரிதூணிற் கட்டப்பட்ட கிளௌகஸ் என்னும் வைத்தியன் மன்னிக்கிறான். மன்னிப்புப் பெற்ற கைலோ அமைதியாக வீடு திரும்பவில்லை. அனைவர் முன்னிலையிலும் நீரோவே நகரை எரித்தவன் என முழங்கி, அதற்காக உயிரையும் கொடுக்கிறான். இங்கு மன்னிப்பு உண்மையை மூடும் திரையாகாது, உண்மையை உரைக்கும் துணிவைத் தருகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, இவ்வகை நாவல்கள் யாவும் ஒரே குரலிற் பேசுகின்றன என்ற எடுகோள் பொருந்தாது என்பது பெறப்படும். ஒரு நாவலில் மன்னிப்பு இடம்பெறுகிறதா என்பது விமரிசகனின் வினா அன்று. யார் யாரை மன்னிக்கும்படி கேட்கப்படுகிறார், குற்றவாளி அதனைத் தேடி வந்தானா, ஈடு செய்யப்பட்டதா, உண்மை வெளிவந்ததா, மன்னிப்புக்குப் பின் அவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்தனரா என்பனவே வினாக்கள். மன்சோனியின் நாவல் இவற்றுள் சிலவற்றுக்கு விடை கூறுகின்றது. சிலவற்றில் அவரது வர்க்க நிலை அவரைத் தடுத்து நிறுத்துகின்றது. 1873இல் அவர் மறைந்தபின் அவர் நினைவாக வெர்டி இயற்றிய இரங்கற்பாப் பூசை 1874இல் மிலானில் அரங்கேறியது. அவர் தேசியப் பெருமையின் சின்னமாக நிறுத்தப்பட்டார். சின்னங்களைப் போற்றுதல் எளிது. அவர் எழுதிய நூலை அதன் இறுதிப் பக்கம் வரை, அவமானத் தூணின் வரலாறு உட்பட, படித்து முடிப்பதே அதனினும் பயனுள்ள மரியாதையாகும்.